மார்ச்சில் தேன், ஜூலையில் தண்ணீர்: ஹைட்ரஜன் பிணைப்புப் பலபடி ஏன் காலை வாரியது?

மத்திகெரே மாடிவீடு · ஜூலை 8, இரவு 10.50

வணக்கம். பெங்களூரில் ஒரு சிறிய ஒட்டுப்பசை நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் விருதுநகர். மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிக்கலை இங்கே கொட்டுகிறேன்.

சூடாக்கினால் இளக வேண்டும், ஆறினால் பிடிக்க வேண்டும், வேண்டாதபோது மறுபடி சூடாக்கினால் கழன்றுவர வேண்டும். அப்படி ஒரு பசை செய்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை. யூரிடோபிரிமிடினோன் என்ற தொகுதியை (வாய் நோகாமலிருக்க இனி யூபை) எடுத்துக்கொண்டேன். ஒரு யூபை இன்னொரு யூபையை நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கவ்விக்கொள்ளும். மூலக்கூறு எடை சுமார் 2,000 உள்ள, மெழுகு போன்ற ஒரு பாலியீதர். இரண்டு முனையிலும் ஹைட்ராக்சில் (OH) தொகுதி. அந்த இரண்டு முனையிலும் யூபையை மாட்டிவிட்டால், ரயில் பெட்டிகள் கொக்கி போட்டதுபோல் தாமாகவே சேர்ந்து நீண்ட சங்கிலி, அதாவது பலபடி (பாலிமர்), ஆகிவிட வேண்டும்.

மார்ச்சில் அப்படித்தான் ஆனது. குளோரோஃபார்மில் கரைத்துக் குப்பியைக் கவிழ்த்தால், கொம்புத்தேன் போல இறங்க மனமில்லாமல் நின்றது. ஜூன் கடைசியில் அதே செய்முறை, அதே எடை, அதே நேரம். கவிழ்த்தால் தண்ணீராக ஓடுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. மூலக்கூறு எடை பார்க்க வெளியே ஓர் ஆய்வகத்துக்கு ஜெல் ஊடுருவல் வரைவியலுக்கு அனுப்பினேன். மார்ச் சரக்கையே மூன்று முறை அனுப்பி மூன்று விதமான எண் வாங்கியிருக்கிறேன். எதை நம்புவது?

---

சோதனைக்குழாய் · ஜூலை 8, இரவு 11.15

குளோரோஃபார்ம் பாட்டிலைப் பாருங்கள். கடையில் வரும் குளோரோஃபார்மில் நச்சான பாஸ்ஜீன் உருவாகாமலிருக்க அரை முதல் ஒரு சதவீதம் எத்தனால் கலந்திருப்பார்கள். எத்தனாலும் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். உங்கள் கொக்கிகளில் அது போய் மாட்டிக்கொண்டது. முடிந்தது கதை.

---

மத்திகெரே மாடிவீடு · ஜூலை 9, காலை 8.05

பாட்டிலில் எத்தனால் 0.6 முதல் 1 சதவீதம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் மார்ச்சிலும் இதே நிறுவனத்தின் இதே வகைதானே?

---

ஜக்கூர் சாலை · ஜூலை 9, இரவு 9.30

சோதனைக்குழாய் அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய ஐயம்தான். முக்கால் சதவீத எத்தனால் என்றால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.13 மோல். லிட்டருக்கு 80 கிராம் கரைத்திருந்தால் உங்கள் பலபடி 0.04 மோல், யூபை முனைகள் 0.08 மோல். எண்ணிக்கையில் எத்தனால்தான் பெரும்பான்மை. ஆனாலும் தோற்கும். ஓர் எத்தனால் கொடுப்பது ஒற்றைப் பிணைப்பு. யூபை கொடுப்பது அடுத்தடுத்து நான்கு. குளோரோஃபார்மில் இரண்டு யூபைகள் ஜோடி சேரும் சமநிலை மாறிலி (பெரிதானால் பிடி வலுவென்று பொருள்) லிட்டர்/மோல் அலகில் சுமார் 6 கோடி. டொலுவீனில் 60 கோடி. கரைப்பானையே மாற்றி டி.எம்.எஸ்.ஓ.வை (டைமெத்தில் சல்பாக்சைடு) ஊற்றினால் ஜோடி உடையும், அது வேறு கதை. ஒரு சதவீத எத்தனால் தேனைத் தண்ணீராக்காது.

இனி, மூன்று எண்கள். என்னைக் கேட்டால் உங்கள் முதல் சிக்கலுக்கும் விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பாலித்தீனுக்கு நீளம் என்பது அதன் சொத்து. தொழிற்சாலையில் பிறந்தபோது எவ்வளவு நீளமோ, கரைத்தாலும் காய்ச்சினாலும் அவ்வளவுதான். உங்கள் சங்கிலிக்கு அப்படிச் சொந்தமாக ஒரு நீளம் கிடையாது. அந்த நேரத்துச் செறிவு, வெப்பம், கரைப்பான், கூட இருக்கும் அழுக்கு நான்கும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. குளோரோஃபார்மில் ஒரு யூபை ஜோடியின் ஆயுள் சுமார் பத்தில் ஒரு வினாடி. நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் கொக்கி கழன்று வேறொரு பெட்டியில் மாட்டியிருக்கும்.

சராசரி நீளம் ஏறக்குறைய சமநிலை மாறிலியையும் செறிவையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தைப் போல ஏறும். உங்கள் செறிவில், சரக்கு முழுத் தூய்மையாக இருந்தால், ஒரு சங்கிலிக்கு ஆயிரம் பெட்டிக்கு மேல் வர வேண்டும். அதையே நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் நீளம் பத்தில் ஒரு பங்கு. வரைவியலுக்கு அனுப்பியபோது என்ன செய்தார்கள்? மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் என்று கரைத்திருப்பார்கள். குழாய்க்குள் போகப் போக இன்னும் நீர்த்திருக்கும். கரைப்பான் டெட்ராஹைட்ரோஃபுரான் என்றால், அதன் ஆக்சிஜன் வேறு உங்கள் ஹைட்ரஜன்களுக்கு வலை வீசும். நீளத்தை அளக்கப் போன இடத்தில் நீளம் மாறிவிட்டது. மூன்று எண்ணும் பொய்யில்லை, மூன்றும் உங்கள் குப்பியில் இருப்பதன் நீளமும் இல்லை.

---

அல்சூர் கஞ்சி · ஜூலை 10, காலை 6.20

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. யூபை எல்லாம் என் காலத்தில் பாடத்தில் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு கழன்று மாட்டுவது என்றதும் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிதான் கண்முன் வந்தது.

பருத்திப் புடவையை அவர் எடுத்தவுடன் தேய்ப்பதில்லை. தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்பார். பருத்தி என்பது செல்லுலோஸ். இழைக்குள் அடுத்தடுத்த சங்கிலிகளை இழுத்துப் பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. கசங்கிய நிலையிலேயே பிணைப்பு விழுந்துவிட்டதால்தான் சுருக்கம். தண்ணீர் உள்ளே புகுந்து அந்தப் பிடிகளைத் தளர்த்துகிறது. சூடு தண்ணீரை விரட்டும்போது துணி தட்டையாக இருக்கிறது, பிடிகள் தட்டையாகவே மறுபடி விழுகின்றன. கஞ்சி போட்ட வேட்டி விறைத்து நிற்பதும் மாவுச்சத்துக்கும் செல்லுலோஸுக்கும் இடையில் இதே உறவுதான். மழையில் ஒரு நடை போய்வந்தால் விறைப்பெல்லாம் போய்விடும்.

என் கேள்வி இதுதான்: பாட்டி காலத்திலிருந்து நடப்பது இது. யூபையில் அப்படி என்ன புதுமை?

---

சோதனைக்குழாய் · ஜூலை 10, காலை 9.00

வேட்டியையும், மூலக்கூறுகளையே செங்கலாக அடுக்கும் மீமூலக்கூறு வேதியியலையும் ஒரே தட்டில் வைக்கலாமா அம்மா? செல்லுலோஸ் சங்கிலி முழுக்கச் சகப்பிணைப்பு, எலக்ட்ரானைப் பகிரும் வலுவான பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு பக்கவாட்டில் மட்டும்.

---

ஜக்கூர் சாலை · ஜூலை 10, இரவு 8.40

தம்பி சொன்ன வித்தியாசம் சரி, சொன்ன தொனிதான் சரியில்லை. அம்மாவின் கேள்விக்கு விடையே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வேட்டியிலும் நைலானிலும் கெவ்லாரிலும் சங்கிலியின் முதுகெலும்பு சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு சங்கிலிகளைக் கட்டாகக் கட்டும் கயிறு. யூபைப் பலபடியிலோ முதுகெலும்பிலேயே இரண்டாயிரம் எடைக்கு ஒரு முறை ஹைட்ரஜன் பிணைப்பு வந்துவிடுகிறது. கயிற்றை அவிழ்த்தால் கட்டு பிரியும். முதுகெலும்பை அவிழ்த்தால் சங்கிலியே இல்லை. அவ்வளவு பலவீனமான ஒன்றை முதுகெலும்பாக வைக்க முடியுமா என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. கார்பன்-கார்பன் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு இருபது சொச்சம். அறை வெப்பத்தின் சலசலப்பு இரண்டரை. ஒற்றைப் பிணைப்பை நம்பிச் சங்கிலி கோக்க முடியாது. எனவே பல பிணைப்புகளை வரிசையாக அடுக்க வேண்டும்.

1990-இல் லேனின் குழு மூன்று பிணைப்பு வரிசையை வைத்துத் திரவப் படிக நிலையில் இப்படிச் சங்கிலி கோத்துக் காட்டியது. மீமூலக்கூறு வேதியியலுக்காக 1987-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான்-மாரி லேன்தான் அவர். ஆனால் எத்தனை பிணைப்பு என்பது மட்டும் போதாது, எந்த வரிசை என்பதும் முக்கியம். ஹைட்ரஜனைக் கொடுப்பது வழங்கி, வாங்குவது ஏற்பி. ஒரு பக்கம் வழங்கி-ஏற்பி-வழங்கி, எதிர்ப்பக்கம் ஏற்பி-வழங்கி-ஏற்பி என்று மாறி மாறி வந்தால், நேர் எதிரே இருப்பவை ஈர்த்தாலும், குறுக்கே சாய்வாக இருப்பவை எல்லாம் ஒரே மின்குறியோடு ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஜார்கென்சன் 1990-இல் இதைக் கணக்கிட்டு விளக்கினார். அதனால்தான் டி.என்.ஏ.வில் வரும், மூன்று பிணைப்பு கொண்ட குவானின்-சைட்டோசின் ஜோடி குளோரோஃபார்மில் பத்தாயிரத்துக்கு மேல் மாறிலி காட்ட, மாறி மாறி வரும் மூன்று பிணைப்பு ஜோடிகள் சில நூறுகளிலேயே நின்றுவிடுகின்றன.

யூபையின் வரிசை வழங்கி-வழங்கி-ஏற்பி-ஏற்பி. அதன் அழகு என்னவென்றால், தலைகீழாகத் திருப்பினால் தனக்குத் தானே ஜோடி. ஆண் கொக்கி, பெண் கொக்கி என்று இரண்டு வகை செய்ய வேண்டியதில்லை. 1997-இல் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனில் சைபெஸ்மா, மெய்யர் குழுவினர் இதை வைத்துச் செய்த சங்கிலி, சாதாரணப் பிளாஸ்டிக்கைப் போலவே பாகுத்தன்மை காட்டியது. அன்றிலிருந்துதான் இது வெறும் அழகு வேதியியல் இல்லை, பொருள் அறிவியல் என்று ஆனது. பாட்டி செய்யாதது அது ஒன்றுதான்.

---

அல்சூர் கஞ்சி · ஜூலை 11, காலை 6.10

இப்போது புரிகிறது. பாட்டி கட்டியது கட்டு, இவர்கள் கோத்தது மாலை. சோதனைக்குழாய் தம்பியின் தொனியை நான் பொருட்படுத்தவில்லை. முப்பது வருடம் பத்தாம் வகுப்பு எடுத்தவள்.

---

பீன்யா ரப்பர்க்காரர் · ஜூலை 11, பகல் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக. முப்பத்திரண்டு வருடமாகப் பீன்யாவில் ரப்பர் வாஷர், கேஸ்கெட் வார்க்கிறேன். "அறுந்த காயம் தானே ஆறும் ரப்பர்", "கழன்று மாட்டும் பலபடி" என்று விற்பனையாளர்கள் வந்து கதை சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்று கேட்பேன்: ஒரு கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்து அளந்து காட்டு. ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

பத்தில் ஒரு வினாடியில் கழலும் கொக்கியை நம்பி எவன் குழாய்க்கு கேஸ்கெட் போடுவான்? இழுத்த வேகத்தில் ரப்பர் போலத் தெரியும். விட்டு வைத்தால் மெதுவாக ஓடும். கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பர் ஓடாது. மத்திகெரே அம்மா, உங்கள் முதலாளி கேட்பது பசைதானே? வெயிலில் நிற்கும் காரில் ஒட்டினால் சாயங்காலம் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள்.

---

ஜக்கூர் சாலை · ஜூலை 11, இரவு 10.00

ஐயா சொல்வதில் பாதிக்கு மறுப்பே இல்லை. மெல்ல நீள்வது இந்த வகைப் பொருள்களின் நிஜமான குறை. கொக்கி கழலும் நேரத்தைவிட வேகமாக இழுத்தால் மீளும், மெதுவாக இழுத்தால் பாயும்.

மறு பாதிக்கு ஒரு கேள்வி. நீங்கள் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் வார்ப்பதுண்டா? செருப்பு அடிப்பாகம், சக்கரம்? உண்டென்றால் பல வருடமாக ஹைட்ரஜன் பிணைப்பைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதன் கடினப் பகுதிகளில் யூரித்தேன் தொகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக் குவியலாகத் திரண்டு முடிச்சு போடுகின்றன. கந்தகம் இல்லை, ஆனாலும் ரப்பர். சூடாக்கினால் முடிச்சு அவிழும், வார்க்கலாம். திடப்பொருளில் கொக்கிகள் தனித்தனியாக இருக்க வேண்டியதில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்து சிறு படிகங்களாகிவிட்டால் ஆயுள் பத்தில் ஒரு வினாடி என்ற கணக்கு அங்கே செல்லாது.

தானே ஆறும் ரப்பரைப் பற்றியும் ஒன்று. 2008-இல் பாரிஸில் லீப்லர் குழுவினர் செய்தது அது. தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமில இரட்டைகள், டைஎத்திலீன்ட்ரைஅமீன், யூரியா: மளிகைப் பட்டியல் போல எளிய மூலப்பொருள்கள். அறுத்துவிட்டு இரண்டு முகங்களையும் அறை வெப்பத்தில் சேர்த்து அழுத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், சூடு வேண்டாம். ஆனால் அறுத்தவுடன் சேர்க்க வேண்டும். நேரம் ஆக ஆக, அறுந்த முகத்தில் ஜோடி இழந்து நிற்கும் தொகுதிகள் தத்தம் பக்கத்திலேயே வேறு ஜோடி தேடிக்கொள்கின்றன. அப்புறம் அழுத்தினாலும் பழைய பிடி வராது. அதே காரணத்தால்தான், அறுக்காத இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் இப்படி ஒட்டிக்கொள்வதில்லை.

---

பீன்யா ரப்பர்க்காரர் · ஜூலை 12, பகல் 1.40

பாலியூரித்தேன் வார்க்கிறேன். மணிகளை உலர்த்தியில் போட்டுக் காயவைக்காமல் மெஷினில் விட்டால் குமிழி குமிழியாக வந்து சரக்கே பாழாகும் என்பது அனுபவத்தில் தெரியும். ஹைட்ரஜன் பிணைப்பு என்று யாரும் சொன்னதில்லை.

அதைச் சொல்லும்போதுதான் தோன்றியது. அம்மா, ஜூன் கடைசி என்றீர்களே. பெங்களூரில் ஜூன் கடைசி என்றால் மழை. உங்கள் மெழுகைக் காயவைத்தீர்களா?

---

வெப்பநிலை 37 · ஜூலை 12, மாலை 5.20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். உயிரியல் மாணவன். ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை என்று எண்ணுவதிலேயே ஒரு பெரிய சண்டை நம் ஊரில் நடந்திருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோல், எலும்பின் புரதமான கொலாஜனுக்கு முச்சுருள் வடிவத்தை முன்வைத்தார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது அவர்கள் கணக்கு. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இரண்டுக்கு இடமில்லை, அணுக்கள் முட்டும், ஒன்றுதான் என்றார்கள். ஒன்று என்பதே பிறகு நிலைத்தது. ஆனால் இடையில் ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பாலமாக வைத்து இன்னொரு பிடியும் உண்டு என்று பின்னாளில் தெரிந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் முட்டும் என்ற அந்தச் சண்டையிலிருந்துதான், புரதம் படிக்கும் எல்லோரும் இன்று பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் வந்தது. பிறகு அவர் இங்கே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிரியற்பியல் துறையைத் தொடங்கினார்.

---

ஜக்கூர் சாலை · ஜூலை 12, இரவு 9.15

நல்ல இடைச்செருகல். அதே வளாகத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்ற வரையறையைப் பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக் 2011-இல் புதுப்பித்தபோது, அந்தப் பணிக்குழுவை நடத்தியவர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் இ. அருணன். படிகப் பொறியியலுக்குப் பெயர்போன கௌதம் தேசிராஜுவும் அதில் இருந்தார். ஃபுளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றோடு மட்டும்தான் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த வேலி அதோடு போயிற்று. ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் அணுவுக்கு ஹைட்ரஜனைவிட எலக்ட்ரான் கவர்திறன் அதிகமாக இருக்க வேண்டும், பிணைப்பு உருவானதற்குச் சான்றும் வேண்டும். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனும் தகுதி பெறும்.

இனி ரப்பர்க்கார ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். மருந்து அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை, இன்றே செய்யலாம். மார்ச் சரக்கில் மிச்சம் இருக்கிறதல்லவா? அதை இன்றைய குளோரோஃபார்ம் பாட்டிலிலேயே கரைத்துப் பாருங்கள். தேனாக நின்றால் கரைப்பான் நிரபராதி.

---

மத்திகெரே மாடிவீடு · ஜூலை 13, இரவு 9.50

தேனாகவே நின்றது. கவிழ்த்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ரப்பர்க்கார ஐயா, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வெற்றிட அடுப்பு மே கடைசியில் பழுதாகிப் பழுதுபார்க்கப் போனது. மெழுகைச் சாதாரண அடுப்பில் உருக்கி நேராகப் போட்டேன். டப்பா திறந்து பல நாள் ஆகியிருந்தது. குறிப்பேட்டில் "உலர்த்தியது" என்று பழைய வழக்கத்தில் டிக் போட்டிருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

---

ஜக்கூர் சாலை · ஜூலை 13, இரவு 11.30

டிக் போடாத குறிப்பேடு எங்கும் கிடையாது. வெட்கத்தை விடுங்கள், கணக்குக்கு வருவோம்.

நீங்கள் மாட்டும் யூபையின் மறுமுனையில் ஐசோசயனேட் என்ற வினைத்தொகுதி இருக்கிறது. அது மெழுகின் ஹைட்ராக்சிலோடு சேர வேண்டும். தண்ணீர் இருந்தால் அதோடும் சேரும்: முதலில் கார்பன் டைஆக்சைடை விட்டு அமீனாகும், அந்த அமீன் இன்னொரு ஐசோசயனேட்டைப் பிடித்து யூரியாவாகும். ஆக ஒரு தண்ணீர் மூலக்கூறு இரண்டு ஐசோசயனேட்டைத் தின்றுவிடும். ஐயாவின் பாலியூரித்தேன் குமிழிக்கும் தண்ணீர்தான் காரணம்.

நூறு கிராம் மெழுகு என்றால் 0.05 மோல், ஹைட்ராக்சில் 0.1 மோல். அதில் வெறும் 0.1 கிராம் தண்ணீர் இருந்தாலும் 0.0056 மோல், இரண்டால் பெருக்கினால் 0.011. உங்கள் ஐசோசயனேட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீருக்கே போய்விடலாம். பாலியீதருக்கு ஈரம் உறிஞ்சும் பழக்கம் உண்டு.

விளைவு என்ன? சில மெழுகுச் சங்கிலிகளுக்கு ஒரு முனையில் மட்டும் யூபை, மறுமுனை மொட்டை. ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள ரயில் பெட்டி. அது எங்கே போய் மாட்டினாலும் ரயில் அங்கேயே முடிந்துவிடும். முனைகளில் நூற்றுக்கு 97 மாட்டியிருந்தால், சராசரி நீளம் நூறை மூன்றால் வகுத்தது: 33 பெட்டி. ஆயிரத்துக்கு 999 மாட்டினால்தான் ஆயிரம். சமநிலை மாறிலி 6 கோடியா 60 கோடியா என்பதெல்லாம் அப்புறம். மொட்டை முனை இருந்தால் எவ்வளவு வலுவான கொக்கி வைத்தும் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், இது நைலான் தந்த கரோதர்ஸின் பழைய சமன்பாடேதான். சகப்பிணைப்புக்கு எழுதியது, ஹைட்ரஜன் பிணைப்புக்கும் வந்து நிற்கிறது. பாகுத்தன்மையோ நீளத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும். அதனால்தான் சில சதவீதப் பிழை உங்களுக்குத் தேனும் தண்ணீருமாகத் தெரிந்தது.

உறுதி செய்ய என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) எடுங்கள். ஹைட்ராக்சில் ஒட்டிய கார்பனின் ஹைட்ரஜன்கள் 3.64 பி.பி.எம். அருகில் வரும்; யூரித்தேன் ஆனபின் 4.1 பக்கம் நகர்ந்துவிடும். 3.64-இல் ஒரு சிறு மேடாவது மிச்சம் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஜோடி சேர்ந்த யூபையின் மூன்று நைட்ரஜன்-ஹைட்ரஜன் உச்சிகள் சுமார் 10 முதல் 13 வரை தனியாக நிற்கும். அவை மார்ச் சரக்கிலும் ஜூன் சரக்கிலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொக்கிகளுக்குக் குறை ஒன்றுமில்லை, பெட்டிகளில்தான் குறை.

---

சோதனைக்குழாய் · ஜூலை 14, காலை 8.45

ஆக மழைதான் காரணம், ஆனால் பாட்டிலில் பெய்யவில்லை. எத்தனால் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: கரைசலில் சேரும் ஈரம் எப்போதுமே பொருட்டில்லையா?

---

ஜக்கூர் சாலை · ஜூலை 14, இரவு 9.05

எப்போதுமே என்று சொல்லமாட்டேன். குளோரோஃபார்மில் யூபைக்குப் பெரிதாக இல்லை. ஆல்கேன் கரைப்பான்களில் கதை வேறு. அங்கே தண்ணீர் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு அளவுக்குத்தான் கரையும். கரைந்த அந்தச் சொற்ப மூலக்கூறுகளுக்கும் கை கோக்க ஆளில்லை. எங்கே ஓர் அமைடு தெரிந்தாலும் பாய்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். 2018-இல் மெய்யர் குழுவினர், மெத்தில்சைக்ளோஹெக்சேனில் இருக்கும் இந்தச் சொற்பத் தண்ணீரே சுருள்சங்கிலியின் வடிவத்தை மாற்றிவிடுவதைக் காட்டினார்கள். ஆய்வகத்தின் ஈரப்பதம் மாறினால் முடிவும் மாறும். அதுவரை எத்தனை பேர் "மறுபடி செய்தால் வரவில்லை" என்று ஆராய்ச்சி மாணவர்களைத் திட்டியிருப்பார்களோ.

---

மத்திகெரே மாடிவீடு · ஆகஸ்ட் 19, இரவு 10.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெற்றிட அடுப்பு ஆகஸ்ட் முதல் வாரம்தான் திரும்பியது.

என்.எம்.ஆரில் மேடு இருந்தது. அதன் பரப்பை வைத்துப் பார்த்தால் முனைகளில் நூற்றுக்கு ஆறு மாட்டாமல் விட்டிருக்கிறது. கணக்குப்படி பதினாறு, பதினேழு பெட்டி. தண்ணீராக ஓடியதில் வியப்பில்லை.

புதிய சரக்குக்கு மெழுகை வெற்றிடத்தில் 80 டிகிரியில் இரவு முழுக்க வைத்தேன். பிறகு டொலுவீன் ஊற்றிக் காய்ச்சி வடித்து மிச்ச ஈரத்தையும் இழுத்தேன். நைட்ரஜன் ஓட்டத்தில் வினை. கரைசல் மார்ச் அளவுக்கு இல்லை, ஆனால் கவிழ்த்தால் யோசித்துத்தான் இறங்குகிறது. 3.64-இல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டில் டிக் போடுவதை நிறுத்திவிட்டு, அடுப்பில் வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் எழுதுகிறேன். அல்சூர் அம்மா, எங்கள் தெரு இஸ்திரி வண்டியைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் நினைவு வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ரப்பர்க்கார ஐயா திட்டினாலும் பரவாயில்லை. மார்ச் சரக்கில் வார்த்த ஒரு மெல்லிய பட்டையைச் சனிக்கிழமை சாயங்காலம் அலமாரிக் கம்பியில் தொங்கவிட்டு, கீழ்முனையில் பேப்பர் கிளிப் ஒன்றை மாட்டிவிட்டுப் போனேன். கையால் இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்கும் பட்டை அது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் கிளிப் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். கிளிப்பை எடுத்தும் சுருங்கவில்லை.

---

பீன்யா ரப்பர்க்காரர் · ஆகஸ்ட் 20, பகல் 1.35

திட்டமாட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் எடை கட்டித் தொங்கவிட்டுத் தாமே வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

பட்டையின் அகலம், கனம் எவ்வளவு? கிளிப் எத்தனை கிராம்? சனி, ஞாயிறு ஆய்வகத்தில் மின்விசிறி ஓடியதா, ஜன்னல் திறந்திருந்ததா? தங்கள் பாலியீதர் இப்போதும் ஈரம் குடிக்கும். அடுத்த சனிக்கிழமை இரண்டு பட்டை தொங்கவிடுங்கள்: ஒன்று வெளியே, ஒன்று சிலிக்கா ஜெல் போட்ட மூடிய ஜாடிக்குள். என்னிடம் தேவையில்லாத கண்ணாடி ஜாடி இரண்டு கிடக்கிறது, யஷ்வந்த்பூர் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.